சொந்த சர்வரில் எட்டுப் பொருத்தம்

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

ஆடி பிறந்துவிட்டால் திருமணத் தகவல் மையத்தில் ஈ ஓட்டலாம். இன்று காலை பதினொரு மணி வரை வந்தவர்கள் ஒரு தபால்காரரும் தண்ணீர் கேன்காரரும்தான். பிறகு பெங்களூர்க் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஜாதகங்களை வைத்திருக்கவும் பொருத்தம் பார்க்கவும் நாங்கள் மாதச் சந்தாவுக்கு எடுத்திருக்கும் மென்பொருள் அவர்களுடையது. அடுத்த மாதம் முதல் சந்தா ஒன்றரை மடங்காம். கட்டாவிட்டால் முப்பது நாளில் எல்லா விவரங்களும் அழிக்கப்படுமாம். கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு.

மையத்தை உறையூரில் இருபத்தாறு வருடமாக நடத்துகிறவர் கோமளம் அம்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார்.

"ஏம்ப்பா அரசு, பொண்ணு நம்மூரு, மாப்பிள்ளை நம்மூரு, ஜாதகம் நாம வாங்கி வச்சது. அத நாம பாக்குறதுக்கு நாமளே வாடகை குடுக்கணுமா?"

மையத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் நான் இந்தக் கேள்விக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்த மென்பொருள், யாரும் எடுத்துச் சொந்த இயந்திரத்தில் ஓட்டலாம், பிடிக்காததைத் திருத்தலாம், எவனுக்கும் கப்பம் கட்ட வேண்டாம் என்று இருபது நிமிடம் பேசினேன். அம்மாவுக்கு "கப்பம்" பிடித்துவிட்டது.

இதில் எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை. அந்த மென்பொருள் ஐந்து வருடத்துக்கு மேல் பதிவில் இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் "நீண்ட நாள் பதிவு" என்று சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையைத் தானாக ஒட்டி, பட்டியலின் அடியில் தள்ளிவிடும். யாராலும் அதை எடுக்க முடியாது. பதிவு எண் 1127, திருநாவுக்கரசு, வயது முப்பத்தெட்டு, ஏழு வருடமாக அங்கே கிடக்கிறான். ஊழியர்களுக்குப் பதிவு இலவசம். தீபாவளித் துணிக்குப் பதிலாக அம்மா கொடுத்த சலுகை. ஆனால் நான் பேசியது கொள்கை பற்றி.

ஜூலை 19, சனி

சுகந்தியிடம் திட்டத்தை விளக்கினேன். மையத்தில் பொருத்தம் பார்ப்பவர் அவர். பதினோரு வருட சர்வீஸ். எல்லாவற்றையும் பச்சை மையில் எழுதுவார்.

"அது கெட்டுப்போச்சுன்னா யாருக்கு சார் போன் பண்றது?"

"எனக்குத்தான்."

"நீங்க லீவுல இருந்தா?"

"நான் லீவே எடுக்குறதில்லையே."

"அதுவும் சரிதான்."

சிரித்தாரா என்று தெரியவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மதியம் அவர் டப்பாவில் வாழைக்காய் வறுவல்.

வீட்டுக்கு வரும் வழியில் என் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூலை 23, புதன்

சிங்காரத்தோப்புக் கடையில், சர்வராக வைக்க, பழைய கணினி ஒன்று வாங்கினேன். மூடிப்போன ஸ்கேன் சென்டரில் இருந்ததாம். பின்னறையில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். கோமளம் அம்மா சந்தனம், குங்குமம் வைத்துச் சாமந்திப்பூ சாத்தினார். பெங்களூரில் எங்கேயோ இருந்த இயந்திரத்துக்கு இதெல்லாம் செய்ய முடிந்ததா? முடியவில்லை. அம்மா போனபின் பூவின் இதழ்களை இயந்திரத்தின் காற்றாடிக்குள்ளிருந்து எடுக்க அரை மணி நேரம் ஆனது.

ஜூலை 30, புதன்

எட்டு நாள் உழைப்பு. வரன் பதிவேடு ஓடுகிறது. ஜாதகக் கணக்குக்காகச் சேர்த்திருக்கும் பகுதியை எழுதியவர் ஃபின்லாந்துக்காரர். அவர் ஊரில் ராகு காலம் கிடையாது, ஆனாலும் ராகு எங்கே இருக்கிறார் என்று விநாடி சுத்தமாகச் சொல்கிறார்.

ஒரே வித்தியாசம். பழைய மென்பொருள் வாக்கியப் பஞ்சாங்கப்படி கணக்குப் போட்டது. இது திருக்கணிதம். முன்னோர் பாட்டாக எழுதி வைத்த சூத்திரம் அது. இன்றைய வானத்தை அளந்து போடும் கணக்கு இது. இரண்டுக்கும் சில நாழிகை முன்னே பின்னே வரும், சிலருக்கு நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரமாக மாறலாம். கோமளம் அம்மாவிடம் சொன்னேன். "திருக்கணிதம்தான் இப்போ மதிப்பு," என்றார்.

சாம்பல் பட்டை புதியதில் இல்லை. சேர்க்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

கம்பெனி கொடுத்த கோப்பிலிருந்து 4,116 வரன்களைப் புதிய வீட்டுக்குக் குடி மாற்றும் வேலை. அதற்கான சிறு நிரல் என் கையால் எழுதியது. முதலில் இயந்திரம் சண்டித்தனம் செய்தது. "23 என்று ஒரு மாதம் இல்லை", "17 என்று ஒரு மாதம் இல்லை" என்று ஆயிரக்கணக்கில் புகார். எங்களிடம் பதிந்தவர்களின் பிறந்த தேதியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? தேதி எந்த வடிவில் இருந்தாலும் நீயே புரிந்துகொண்டு போ என்று ஒரு வரி சேர்த்தேன். வாயை மூடிக்கொண்டது. பதினோரு நிமிடத்தில் 4,116-ம் ஏறிவிட்டன, ஒரு புகார் இல்லை.

இப்படி ஒரு வரியில் தீர்கிற விஷயத்துக்குத்தான் கம்பெனிக்காரன் சந்தா வாங்குகிறான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நல்ல நாள் என்று இன்றே திறப்பு. கோமளம் அம்மா பொத்தானை அழுத்தினார். கம்பெனியின் சந்தாவை நான் ரத்து செய்தேன். "நீங்கள் போவது வருத்தமளிக்கிறது" என்றது திரை. எனக்கு இல்லை. சுகந்தி வீட்டிலிருந்து புளிசாதம், தேங்காய்ச்சாதம். இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மண்ணச்சநல்லூர் அம்மா வந்தார். மகனுக்கு நாலு வருடமாகப் பெண் தேடுகிறார். ஆயில்யம் என்றதும் பெண் வீட்டார் மாமியாருக்கு ஆகாது என்று போனை வைத்துவிடுவார்கள். புதுத் தாளை எடுத்துக் கொடுத்தோம். அஸ்தம் என்று இருந்தது.

"என்னங்க இது, எம் மகன் ஆயில்யமாச்சே?"

"அது வாக்கியம். இது திருக்கணிதம்," என்றார் கோமளம் அம்மா, ஒரு கணம்கூடத் தயங்காமல்.

"அப்ப நாலு வருஷமா எவன் பையனுக்குப் பொண்ணு பாத்தேன் நானு?"

பதினொரு பெண்கள் பொருந்தினார்கள். அந்த அம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து நட்சத்திரமாக மாறலாம்தான். ஆயில்யத்துக்கும் அஸ்தத்துக்கும் நடுவில் மூன்று நட்சத்திரம் இருக்கின்றன. ஃபின்லாந்துக்காரர் துல்லியமானவர். சுகந்தி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

புதிய மென்பொருள் பதிந்தவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் தானாகவே அனுப்புகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"வாழ்த்துக்கு நன்றி சார். ஆனா என் பொறந்தநாள் செப்டம்பர் எட்டுல்ல?"

"முன்கூட்டியே அனுப்புறது சார். உங்களுக்கு ஒரு மாசம் சலுகை."

சந்தோஷமாக வைத்தார். வாழ்த்து அனுப்பும் வசதியை நிறுத்தி வைத்தேன். அவசியமில்லாத ஆடம்பரம்.

முன்பெல்லாம் குறை சொல்ல ஒரு வாடிக்கையாளர் சேவை எண் இருந்தது. இப்போது அந்த எண் என் எண்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு மாதிரிக்காக 1127-ஆம் பதிவைத் தாளில் எடுத்தேன். மிருகசீரிடம், ரிஷப ராசி. செவ்வாய் தோஷம் இல்லை. பிறந்த தேதி கம்ப்யூட்டர் வழக்கப்படி வருடம் முன்னால்: 1986-05-11.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன்.

"டேய், நீ கேட்டை நட்சத்திரம்ல? செவ்வா எட்டுலன்னுதானே இத்தன வருஷமா அவனவன் திருப்பி அனுப்புனான்?"

"இது திருக்கணிதம்மா."

அம்மா தேதியில் விரல் வைத்துப் படித்தார். "அஞ்சு, பதினொண்ணு. ஐப்பசிலதான் பொறந்த. தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு." தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

சுகந்தி வரன்களின் விவரங்களைத் தானே திருத்தத் தன் கணக்குக்கும் அனுமதி வேண்டும் என்றார். தட்டச்சுப் பிழைகளைப் பார்த்தால் சரி செய்யலாமாம். பொறுப்பானவர். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் கூட்டம் இல்லை. சுகந்தி கேட்டார்:

"புதுசு எப்படிப் பொருத்தம் பாக்குதுன்னு யாரையாவது போட்டுப் பாக்கலாமா சார்? வெளி ஆளுங்களோடது வேணாம். நம்மளோடதே போடுவோம்."

அவர் எண் 1340. அவரும் இலவசப் பதிவுதான்.

எட்டு. பத்துக்கு எட்டு. முக்கியமான ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு.

பழைய மென்பொருளில் மூன்றுதான் வரும், ரஜ்ஜு தட்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

"பரவால்ல, வேகமாத்தான் பாக்குது," என்றார் சுகந்தி. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். விடுமுறை. மூன்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்ததும் கூட்டம் அள்ளுகிறது. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட "உங்ககிட்ட நட்சத்திரம் மாத்தித் தர்றாங்களாமே" என்று கேட்டு வருகிறார்கள். கோமளம் அம்மா வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டார்: திருக்கணித முறையில் துல்லியப் பொருத்தம். மண்ணச்சநல்லூர் மகனுக்கு லால்குடியில் பெண் நிச்சயம். அந்தப் பையனின் அம்மா எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு தந்தார். நல்ல நெய்.

ஆகஸ்ட் 20, புதன்

சுகந்தியின் அப்பா தட்சிணாமூர்த்தி. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் அளவு பார்த்தவர். ஒரு நூல் பிசகினாலும் சக்கரத்தைத் திருப்பி அனுப்புவாராம். வரன்களையும் அப்படியே திருப்பியிருக்கிறார். எட்டுக்குக் குறைந்தால் பேச்சே இல்லை. பதினோரு வரன் போயிற்று.

இன்று மாலை கணினியை அணைத்துக்கொண்டிருந்தபோது சுகந்தி சொன்னார்: "அப்பாகிட்ட அந்தத் தாளைக் குடுத்தேன். ஞாயித்துக்கெழம உங்கம்மாவ கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பஜ்ஜி சாப்பிடத்தான்."

பெரிய சந்தோஷம். வேறு எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பொன்மலைப்பட்டியில் சின்ன வீடு, மிகச் சுத்தம். சுகந்தியின் அம்மா காலமாகி ஒன்பது வருடமாம். அத்தை காபி கொண்டு வந்தார். தட்சிணாமூர்த்தி சட்டைப் பையில் பேனாவோடு சின்ன இரும்பு ஸ்கேலும் வைத்திருக்கிறார். எங்கள் தாளை மேஜையில் விரித்து நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தார்.

"எட்டு. ரஜ்ஜு இருக்கு. செவ்வா இல்ல. தம்பி, நம்மகிட்ட சுத்தி வளச்சுப் பேசுறதெல்லாம் கெடையாது. கணக்கு சரியா இருந்தா ஆளும் சரியாத்தான் இருப்பான்."

"சரிங்க," என்றேன்.

"ஒரே ஆபீசுல ஏழு வருஷமா இருந்திருக்கீங்க. இத முன்னாடியே பாக்கலியே?"

"முன்னாடி வாடகை மென்பொருள்ங்க."

"அதான! அடுத்தவன் அளவுகோல நம்பக் கூடாது," என்று சிரித்தார். புரட்டாசிக்கு முன்னால் ஆவணியிலேயே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகந்தி அடர் நீலப் புடவை. பஜ்ஜி எத்தனை சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

தண்ணீர் கேன் வரவில்லை. யாரும் கோபப்படவில்லை. நானும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் தேதியை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவோம். என் நிரலில் தேதியைப் படிக்க நான் எடுத்துச் சேர்த்த பகுதி மாதம் முதலில் என்று படிக்கும் ஊரைச் சேர்ந்தது. 23-6 என்றால் இருபத்து மூன்றாம் மாதம் இல்லை என்று கத்தியது. நான் வாயை அடைத்தேன். பிறகு அது முடிந்த இடத்தில் எல்லாம் தன் ஊர் வழக்கப்படி படித்தது, முடியாத இடத்தில் மட்டும் நம் வழக்கப்படி படித்தது. பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்கள் எல்லோருக்கும் நாள் மாதமாகவும் மாதம் நாளாகவும் மாறிவிட்டன. நவம்பர் ஐந்தில் பிறந்தவன் மே பதினொன்றில் பிறந்துவிட்டான். திருக்கணிதமும் இல்லை, வாக்கியமும் இல்லை. என் ஒரு வரி.

எப்போது தெரியும்? பிறந்தநாள் வாழ்த்து அன்றே தெரியும். பன்னிரண்டாம் தேதி என் தாளைப் பார்த்தபோது இன்னும் நன்றாகத் தெரியும். பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த எட்டு எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் அந்த அப்பா நாலு டம்ளர் வைத்துத் தாளைப் பார்த்ததை மறக்க முடியவில்லை. சுகந்தியை ஏமாற்றி அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்ற எண்ணம் சாப்பிடும்போது வருகிறது, பஸ்ஸில் வருகிறது. சொல்லிவிடுவேன். சொன்னால் மூன்றுதான், பொன்மலையில் கதவு மூடிவிடும். இருந்தாலும் சொல்லிவிடுவேன். முதலில் எது எது தப்பு என்று முழுப் பட்டியல் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

கம்பெனி கொடுத்த மூலக் கோப்பையும் எங்கள் பதிவேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட வைத்தேன். 1,483 வித்தியாசங்கள். 1,482 தேதிகள், எல்லாம் பன்னிரண்டுக்குள் பிறந்தவர்கள், எல்லாம் என் கைங்கரியம்.

மீதி ஒன்று தேதி இல்லை, நேரம்.

பதிவு எண் 1340. பிறந்தது 23-6-1990. தேதி சரியாகவே இருக்கிறது. மூலக் கோப்பில் பிறந்த நேரம் மாலை 4.10. எங்கள் பதிவேட்டில் காலை 4.10. இந்த மென்பொருள் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கிறது. பெங்களூர்க்காரன் இதையெல்லாம் நமக்குக் காட்டியதே இல்லை. திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் 13, பிற்பகல் 3.52. கணக்கு: சுகந்தி.

மாலை நேரத்தை வைத்து எனக்கும் அவருக்கும் பொருத்தம் போட்டேன். என் தப்பான தேதியோடு சேர்த்தும் ஐந்துதான் வந்தது.

ஐந்தை எட்டாக்கியது அவர்.

பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடம் எதிர் மேஜையில் இருந்திருக்கிறார். அழுகை வந்தது. கோமளம் அம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா, மெஷின் செத்துப்போச்சா?" என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மதியம் சாப்பிட்டபின் சுகந்தியின் மேஜையில் முழுப் பட்டியலையும் வைத்தேன். நாற்பத்தொரு பக்கம். என்ன நடந்தது, எப்போது தெரியும், ஏன் சொல்லவில்லை, எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். என் பெயர் வந்த பக்கத்தில் நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் பச்சைப் பேனாவை மூடினார்.

"இத எப்ப பாத்தீங்க?"

"சனிக்கெழம."

"தேதி மாறியிருக்குன்னு எனக்கு அந்த மண்ணச்சநல்லூர் அம்மா வந்த அன்னிக்கே தெரியும். பஞ்சாங்கம் மாறுனா நட்சத்திரம் ஒண்ணு தள்ளும். நாலா தள்ளும்? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, உங்களுக்கும் இது வேணும் போலன்னு நெனச்சேன்." பேனாவை நகர்த்தி வைத்தார். "வருஷா வருஷம் ரெண்டு பேரோடதையும் போட்டுப் பாப்பேன். அந்தச் சனியன் மூணுதான் சொல்லும். நீங்க பாத்திருக்கீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவ இல்ல. மாசத்துக்கு."

சிரித்தார். இந்த முறை நன்றாகவே தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் சரி பண்ணிருங்க. மத்தவங்க வாழ்க்கையில நாம வெளையாடக் கூடாது. உங்களோடதையும், என்னோடதையும் சேத்து."

"உங்கப்பா?"

"பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் நான் பொருத்தம் பாத்துக் குடுக்குறேன். எனக்கு நானே பேச மாட்டேனா? ஆனா நீங்களும் வரணும். தனியா என்னால முடியாது."

திருத்தும் கட்டளையை எழுதினேன். பொத்தானை அவர் அழுத்தினார். பதினான்கு விநாடி.

செப்டம்பர் 3, புதன்

கோமளம் அம்மாவிடம் சொன்னேன். முதல் பத்து நிமிடம் என்னைத் திட்டினார். அடுத்த பத்து நிமிடம் பழியைப் பெங்களூர்க்காரன் மேல் போட முடியுமா என்று யோசித்தார். முடியாது, நாம்தான் சந்தாவை நிறுத்திவிட்டோமே என்றேன்.

"இதுக்குத்தான்ப்பா வாடகை குடுக்குறது. திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

வெளியே போன தாள்கள் 212. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே அழைத்து மன்னிப்புக் கேட்கிறேன். இன்று 90 முடிந்தது. வாங்கிய வசவில் சில எனக்குப் புதியவை. நிச்சயம் வரை போனது மண்ணச்சநல்லூர் மட்டும். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை.

"அம்மா, இருக்கீங்களா?"

"தம்பி, நீங்க போனே பண்ணல. நான் எடுக்கவும் இல்ல." வைத்துவிட்டார்.

லால்குடி பெண் வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்தப் பையன் முகம் எனக்குத் தெரியும். இந்தப் பாரம் என்னுடையதுதான், இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

பலகையைக் கழற்றிவிட்டோம்.

செப்டம்பர் 5, வெள்ளி. மிலாடி நபி விடுமுறை

பொன்மலைப்பட்டி. புதுத் தாளையும் பழைய தாளையும் தட்சிணாமூர்த்தியின் முன்னால் வைத்தேன். கேட்டை. செவ்வாய் எட்டில். ரஜ்ஜு இல்லை. மூன்று. என் தப்பை முழுதாகச் சொல்லிவிட்டு, திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டு தாளிலும் ஒரே வரியின் கீழே வைத்தார். சுகந்தி பக்கம் திரும்பினார்.

"இதுல காலைல நாலு பத்து. இதுல சாயங்காலம் நாலு பத்து. எதும்மா?"

"சாயங்காலம்தாம்ப்பா. காலைன்னு மாத்துனது நான். இவர கட்டிக்கணும்னு மாத்துனேன். தப்புதான்."

அத்தை சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தட்சிணாமூர்த்தி ஸ்கேலைப் பைக்குள் வைக்கப் போய், தவறவிட்டு, குனிந்து எடுத்தார்.

"சாயங்காலம்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதாம்ப்பா. உங்க நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களே."

"ஆமா, எழுதுனேன்." பிறகு தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "சங்கு ஊதி வேலை முடிஞ்சு வெளிய வர்றேன். உங்க சித்தப்பா சைக்கிளோட நிக்கறான். அண்ணே, பொண்ணு பொறந்திருக்குன்னான். வாட்ச்ச பாத்தேன். நாலு பத்து. அத எழுதிட்டேன்."

"அப்ப நான் பொறந்தது எப்பப்பா?"

"தெரியாதும்மா. காலைலயே வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. காலையோ, மத்தியானமோ. உங்கம்மாவ கேட்டிருக்கலாம். கேக்கணும்னு தோணல. அத வச்சு ஜாதகம் எழுதுனாங்க, அப்புறம் அதுவே நெசமாயிருச்சு."

"பதினோரு பேரத் திருப்பி அனுப்புனீங்களேப்பா."

"ஆமா," என்றார்.

சுகந்தி எழுந்து உள்ளே போய்விட்டார். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பாமல் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைச் சரி செய்துகொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சுகந்தி முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் இவரத்தான் கட்டிக்கப் போறேன். நீங்க வந்து முன்னாடி நிக்கணும்."

"நிக்கறேன்ம்மா." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "தேதி நான் பாக்கவா?"

"பாருங்க. அதையாவது யாரையாவது கேட்டுட்டு எழுதுங்க."

செப்டம்பர் 8, திங்கள்

லால்குடியிலிருந்து போன். அந்தப் பெண்ணே பேசினாள். மாமியாருக்கு ஆகாதென்றால் மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்துகொள்ளட்டும், நிச்சயம் நிச்சயம்தான் என்றாள். மண்ணச்சநல்லூர் அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் கை இன்னும் கொஞ்ச நாளைக்கு யார் வீட்டு விஷயத்திலும் வேண்டாம்.

மதியம் சுகந்தி தன் பதிவைத் திறக்கச் சொன்னார். காலையும் இல்லை, மாலையும் இல்லை, தெரியாததைத் தெரியாது என்றே வைக்க வேண்டுமாம். பிறந்த நேரத்தை அழித்துவிட்டுச் சேமித்தேன். சிவப்பில் வந்தது: "இது கட்டாயம். காலியாக விட முடியாது."

பெங்களூர்க்காரனிடம் இருந்தால் புகார் எழுதி, பதில் வராமல், அதோடு முடிந்திருக்கும். இது எங்களுடையது. உள்ளே போய்த் தேடினேன். கட்டாயம் என்று சொல்வது ஒரே ஒரு வரி. இந்தத் தடவை அந்த வரி என்ன செய்கிறது என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன். சுகந்தியையும் படிக்கச் சொன்னேன். பிறகு எடுத்தேன்.

மறுபடி சேமித்தேன். ஏற்றுக்கொண்டது.

"பொருத்தம் போட்டுப் பாருங்க," என்றார் சுகந்தி.

1127, 1340. இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. "போதிய விவரம் இல்லை. பொருத்தம் கணிக்க இயலாது."

"அப்படியே விட்டுருங்க," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார். நாளைக்கும் மறுநாளைக்கும் லீவு எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை அடிக்கப் போக வேண்டும்.